சப்போரோவிலிருந்து குஷிரோவுக்கு ஒரு மாற்றல்

வெளிநாட்டில் ஊழியம் செய்யும் மோர்மன் மிஷனரிக்கு மாதக் கணக்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அவருடைய வாழ்க்கை ஆறு வாரக் கணக்கில் ஓடுகிறது. ஆறு வாரம் முடிந்ததும் மாற்றல் பட்டியல் வரும். யார் எந்த ஊருக்குப் போவது, யாருக்கு யார் ஜோடி, புதிதாக வந்தவருக்கு யார் பயிற்சி கொடுப்பது, ஊழியம் முடிந்து வீடு திரும்புவது யார் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். இளைஞர்களுக்கு ஊழிய காலம் 24 மாதம்; இளம்பெண்களுக்கு 18 மாதம். இரண்டு ஆண்டு இருப்பவர் இப்படிப் பதினேழு பட்டியல் பார்ப்பார். எல்லாப் பட்டியலிலும் அவருக்கு ஊர் மாறிவிடாது. ஒரே ஊரில் இரண்டு மூன்று சுற்று இருப்பது வழக்கம், அரையாண்டைத் தாண்டுகிறவர்களும் உண்டு. ஊழியம் முடிவதற்குள் எப்படியும் ஐந்தாறு ஊர்களில் குடியிருந்துவிடுவார்.

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் மாற்றல் நாளின் பெரும்பகுதி ரயிலில் கழிகிறது. தீவின் தலைநகரான சப்போரோவில்தான் மிஷன் அலுவலகம் இருக்கிறது. கிழக்குக் கரையிலுள்ள மீன்பிடி நகரமான குஷிரோ அங்கிருந்து 348 கிலோமீட்டர். 'ஓஸோரா' என்ற டீசல் விரைவு ரயிலுக்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

மோர்மன் என்பது ஊர் வைத்த பெயர். சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. பட்டப்பெயரை விட்டு முழுப் பெயரையே சொல்லும்படி அன்றைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார்; ஊர் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஜோசப் ஸ்மித் 1830இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய இந்தச் சபைக்கு யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி தலைமையிடம். உலகெங்கும் 70,000க்கு மேற்பட்ட மிஷனரிகள் இருக்கிறார்கள். இளைஞர்கள் 18 வயதிலேயே போகலாம் என்று 2012இல் விதி தளர்ந்தது. அதுவரை 19 ஆக இருந்தது. இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து போகிறவர்களின் குடும்பம்தான் மாதம் 500 டாலர் சபைக்குக் கட்டுகிறது. விலைவாசி ஏறிக்கிடக்கும் ஜப்பானுக்குப் போனாலும் கானாவுக்குப் போனாலும் தொகை ஒன்றுதான். எந்த நாட்டுக்குப் போவது என்று விண்ணப்பிக்கிறவர் கேட்க முடியாது. அழைப்பு வரும், திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஜப்பான் என்று வந்தால் யூட்டாவின் ப்ரோவோ நகரிலுள்ள பயிற்சி நிலையத்தில் சுமார் ஒன்பது வாரம் மொழி படித்துவிட்டு விமானம் ஏறுவார்கள். ஒன்பது வாரத்தில் எவ்வளவு ஜப்பானிய மொழி வரும் என்பது அவர்களுக்கும் தெரியும், அவர்களை அனுப்புகிறவர்களுக்கும் தெரியும்.

ஜப்பானுக்கும் இந்தச் சபைக்கும் பழைய உறவு உண்டு. பின்னாளில் சபைத் தலைவரான ஹீபர் ஜே. கிராண்ட் மூன்று பேரை அழைத்துக்கொண்டு 1901 ஆகஸ்டில் யோகோஹாமாவில் கப்பலை விட்டு இறங்கினார். ஒன்றும் எளிதாக நடக்கவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருநூறு பேர்கூட இல்லை என்ற நிலையில் 1924இல் மிஷன் மூடப்பட்டது. போருக்குப் பின் 1948இல் மறுபடி திறந்தார்கள். ஹொக்கைடோவில் முதல் காலத்திலேயே மிஷனரிகள் இருந்தார்கள். சப்போரோவில் இப்போது ஆலயம் ஒன்றும் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

மாற்றலை முடிவு செய்கிறவர் மிஷன் தலைவர். அவரும் மனைவியும் மூன்று ஆண்டுப் பொறுப்பில் வந்தவர்கள். ஊரில் வக்கீலாகவோ வியாபாரியாகவோ இருந்தவராக இருக்கலாம். மிஷனரிகளின் புகைப்படங்கள் ஒட்டிய பலகை ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, ஜெபம் செய்து, படங்களை இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார். தேவனின் வழிநடத்துதல் என்று சபை இதைச் சொல்கிறது. ஆனாலும் பலகையில் நடைமுறைக் கணக்கும் நிறைய உண்டு. பேச்சு வராத புதியவரைப் பேச்சு வராத இன்னொருவரோடு போட முடியாது. புதியவருக்குப் பயிற்சி 12 வாரம். அதற்குள் பயிற்சி கொடுப்பவரை எடுத்தால் பாடம் பாதியில் நிற்கும். ஒரு ஜப்பானியரும் ஒரு வெளிநாட்டவரும் ஜோடியானால் இருவருக்கும் லாபம். ஒத்துப்போகாத இருவரைப் பிரிக்கவும் வேண்டும், ஆனால் அதற்காகப் பிரித்ததாகத் தெரியவும் கூடாது. வங்கி வேலையில் மாற்றல் உத்தரவு வாங்கியவர்களுக்கு இந்தப் பதற்றம் புதிதல்ல. ஒரு வித்தியாசம், இங்கே சிபாரிசு பிடித்து உத்தரவை நிறுத்திவைக்க வழியில்லை.

பட்டியல் வந்த அன்றே பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடும். இரண்டு பெரிய பெட்டி, ஒரு கைப்பை என்று உடைமைக்கு அளவு உண்டு. ஹொக்கைடோவில் பனிக்காலக் கோட்டும் பனிக் காலணியுமே ஒரு பெட்டியைத் தின்றுவிடும். மீதியில் கறுப்பு, கருநீல சூட்டுகள், வெள்ளைச் சட்டைகள், கழுத்துப்பட்டைகள், வேதப் புத்தகங்கள். இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டு ரயில் மாறி ஏற வேண்டியதில்லை. யமாட்டோ நிறுவனம் 1976இல் தொடங்கிய 'தக்யூபின்' சேவையின் கறுப்புப் பூனை வண்டி முதல் நாளே வீட்டு வாசலில் வந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விடும். பெரும்பாலும் மறுநாள் புது முகவரியில் இருக்கும். பெட்டியில் அடங்காதது வீட்டிலேயே நின்றுவிடும். எந்த ஊர் மிஷனரி வீட்டிலும் அலமாரியைத் திறந்தால் யாருடையது என்று யாருக்கும் தெரியாத குடைகளும், கழுத்து மடங்கிய சட்டைகளும், ஒற்றைக் கையுறைகளும், மூட்டை பிரித்த அரிசியும் இருக்கும்.

இன்னொரு வேலை நகராட்சி அலுவலகத்தில். ஜப்பானில் ஊர் மாறுகிற எவரும், வெளிநாட்டவர் உட்பட, பழைய ஊரில் வெளியேறும் அறிவிப்பு கொடுக்க வேண்டும். புது ஊருக்குப் போன 14 நாளுக்குள் குடியேறும் அறிவிப்பும் கொடுக்க வேண்டும். வெளிநாட்டவரின் வசிப்பிட அட்டையில் பழைய முகவரிக்குக் கீழே புது முகவரியை எழுதித் தருவார்கள். இரண்டு ஆண்டு முடியும்போது அந்த அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தாலே ஒருவர் எங்கெங்கே இருந்தார் என்று தெரிந்துவிடும். நாட்குறிப்பு எழுதாத மிஷனரிக்குக்கூட அரசாங்கம் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்துவிடுகிறது.

விடைபெறுவதற்கு நேரம் அதிகம் கிடைக்காது. ஞாயிறு ஆராதனையில் இரண்டு நிமிடம் பேசுவார். இலவச ஆங்கில வகுப்புக்கு வரும் முதியவர்கள் சேர்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். வாராவாரம் சாப்பாடு போட்ட குடும்பம் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுக்கும். படித்துக்கொண்டிருப்பவர்களிடம், அதாவது சபையில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களிடம், புதிதாக வருகிறவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். ஜோடியில் ஒருவர் தங்குவதே வழக்கம் என்பதால் தொடர்பு முற்றிலும் அறுந்துவிடாது. சில சமயம் இருவரையும் ஒரேயடியாக எடுத்துவிட்டு முற்றிலும் புதிய இருவரை அனுப்புவார்கள். அப்போது கைப்பேசிச் செயலியில் இருக்கும் வட்டாரப் பதிவேடு ஒன்றுதான் துணை. எந்தத் தெருவில் யார், கடைசியாக என்ன பேசினார்கள், யார் இனி வர வேண்டாம் என்றார்கள் என்று முன்னவர்கள் ஒழுங்காக எழுதியிருந்தால் பிழைத்தார்கள்.

சப்போரோ நிலையத்தில் மாற்றல் நாள் காலையில் கறுப்புப் பெயர்ப்பட்டை குத்திய இளைஞர்களை நாலைந்து பேராகப் பார்க்கலாம். மிஷனரி எப்போதும் தன் ஜோடியின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரே திசையில் போகிறவர்களை முடிந்தவரை ஒன்றாகச் சேர்த்து அனுப்புகிறார்கள். பழைய ஜோடி நடைமேடையில் கையசைத்துவிட்டுப் புது ஜோடியோடு திரும்பும். இந்த வேலையில் கட்டியணைத்து அழுவதற்கு இடமில்லை; கைகுலுக்கல், முதுகில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

நடைமேடையின் தானியங்கிப் பானப் பெட்டியின் முன் மிஷனரி மற்றப் பயணிகளைவிடச் சற்று அதிக நேரம் நிற்பார். சிவப்புப் பட்டை போட்டது சூடு, நீலப் பட்டை போட்டது குளிர்ச்சி. சூடான வரிசையில் பாதிக்கு மேல் காப்பி டின்கள். மிச்சத்தில் பச்சைத் தேநீர், கறுப்புத் தேநீர். மூன்றுமே சபைக்கு விலக்கு. பச்சைத் தேநீர் தேநீராகாது என்று வாதாடிப் பார்த்தவர்களுக்கு 2019இல் சபையின் இளைஞர் இதழே அதுவும் தேநீர்தான் என்று பதில் சொல்லிவிட்டது. கடைசியில் கை போவது சோளச் சூப் டின்னுக்கு. குளிர்காலத்தில் அதைக் கையில் பிடித்திருந்தாலே பாதிப் பசி அடங்கும். அடியில் ஒட்டிக்கொள்ளும் சோள மணிகளை வெளியே எடுக்க டின்னைச் சுழற்றிச் சுழற்றிக் குடிக்கத் தெரிந்துவிட்டால் ஹொக்கைடோ பழகிவிட்டது என்று அர்த்தம். வீடுகளுக்குப் போகும்போது வாற்கோதுமையை வறுத்துக் காய்ச்சிய முகிச்சா கொடுத்தால் தடையில்லை. வீட்டுக்கார அம்மா முதலிலேயே பச்சைத் தேநீரை ஊற்றி வைத்துவிட்டால்தான் சங்கடம். ஜப்பானில் விருந்தாளி தேநீரைத் தொடாமல் வைப்பது சின்ன விஷயமில்லை.

ஓஸோராவில் 2024 மார்ச் முதல் எல்லா இருக்கையும் முன்பதிவுதான். தெற்கே விமான நிலையப் பக்கம் இறங்கி, மினாமி சிதோசேயில் ரயில் கிழக்கே திரும்புகிறது. அங்கிருந்து செகிஷோ பாதை. மலையைக் குடைந்து 1981 அக்டோபரில் திறந்த இந்தப் பாதை வருவதற்கு முன் குஷிரோ ரயில் வடக்கே வெகுதூரம் சுற்றித்தான் போனது. ஷின் யூபரி நிலையத்தில் இறங்கினால் யூபரிக்குப் போகலாம். 1960இல் லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த நிலக்கரி நகரம் அது. சுரங்கங்கள் மூடியபின் நகராட்சியே திவாலாகி, இன்று பத்தாயிரம் பேர்கூட அங்கே இல்லை. பெயர் நிற்பது அங்கே விளையும் முலாம்பழத்தால்தான்.

அதற்குப் பிறகு ஷின்தொகு வரை சாதாரண ரயிலே கிடையாது. விரைவு ரயில் மட்டும்தான். அதனால் அந்தப் பகுதிக்குள் ஏறி இறங்குகிறவர்களிடம் விரைவுக் கட்டணம் வாங்குவதில்லை. சுரங்கப்பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எதிர் ரயிலுக்கு ஒதுங்கும் இடங்களில் தண்டவாளக் கிளைகள் பனியில் உறைந்துவிடாமல் இருக்க மேலே கூரை போட்டு மூடியிருக்கிறார்கள். 2011 மே மாதம் இந்த வழியிலுள்ள ஒரு சுரங்கப்பாதையில் ஓஸோரா ரயிலொன்று தடம் புரண்டு தீப்பிடித்தது. பயணிகள் புகையில் தடவித் தடவி நடந்து வெளியேறினார்கள், உயிர்ச்சேதம் இல்லை. அதன்பின் 130 கிலோமீட்டராக இருந்த உச்ச வேகத்தை 110 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

மிஷனரிக்கு இந்த நான்கு மணி நேரம் அபூர்வமானது. காலை ஆறரைக்கு எழுந்து இரவு பத்தரைக்குப் படுப்பது வரை அரை மணி நேரமும் திட்டம் போட்டு நடக்கும் வாழ்க்கையில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் இது ஒன்றுதான். வீட்டோடு பேச வேண்டுமென்றால் வாரத்தில் ஓய்வு நாள் உண்டு. 2019 பிப்ரவரிக்கு முன் அப்படி வாராவாரம் பேசவும் வழியில்லை. கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே வீட்டாரின் குரலைக் கேட்க முடிந்தது, மற்றபடி மின்னஞ்சல்தான். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பேச்சு நடப்பதும் உண்டு. எந்த நாடு, எத்தனை வயது, இந்த மொழி எப்படி வந்தது என்று அவர்தான் கேட்பார். கடவுள் பக்கம் பேச்சு திரும்பியதும் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். மிஷனரிக்கும் பெரும்பாலும் அப்படியே.

மலை முடிந்து ஷின்தொகுவுக்கு இறங்கியதும் தொகச்சி சமவெளி விரிகிறது. கோதுமை, உருளைக்கிழங்கு, சர்க்கரைக் கிழங்கு, பயறு, நடுவே பால்பண்ணைகள். ஜப்பானின் மற்றப் பகுதிகளில் காணாத நீளமான வயல்கள், ஓரங்களில் காற்றைத் தடுக்க நட்ட மரவரிசைகள். இடஹோவிலிருந்து வந்த இளைஞருக்கு ஊர் நினைவு வரும் இடம் இதுதான். சமவெளியின் நடு நகரமான ஒபிஹிரோவில் உடன் வந்தவர்களில் ஒருவர் இறங்குவார். நடைமேடையில் அவருடைய புது ஜோடி காத்திருப்பார். ஒபிஹிரோவின் புகழ்பெற்ற சாப்பாடு சோற்றின்மேல் சுட்ட பன்றி இறைச்சியை அடுக்கும் புதாதோன். அதற்குத் தடை இல்லை என்பதில் எல்லா மிஷனரிகளுக்கும் நிம்மதி.

அத்சுனாய்க்கு அப்பால் வலப்பக்கம் பசிபிக் கடல் வந்துவிடுகிறது. ஷிராநுகா வரை தண்டவாளம் கடற்கரையை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஆள் நடமாட்டமில்லாத கறுத்த மணல், சில இடங்களில் சேற்று நிலம். மான்கள் தண்டவாளத்தில் நிற்பதால் ஓட்டுநர் அடிக்கடி ஊதுகிறார், சில சமயம் நிறுத்தியே விடுகிறார். கோடையில் இந்த இடத்தில் ரயில் மூடுபனிக்குள் நுழையும். தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த கடல்நீர்மேல் படுவதால் உண்டாகும் பனி அது. ஆகஸ்டிலும் குஷிரோவில் பகல் வெப்பம் சராசரியாக 21, 22 டிகிரிதான்.

குஷிரோ ஒரு காலத்தில் ஜப்பானிலேயே அதிக மீன் இறங்கிய துறைமுகம். மீன், நிலக்கரி, காகிதம் மூன்றும் ஊருக்குச் சோறு போட்டன. கடற்கரைச் சுரங்கம் 2002இல் மூடப்பட்டது. பெரிய காகித ஆலை 2021இல் நின்றது. மீன்வரத்தும் பழையபடி இல்லை. 1980களில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை இன்று ஒன்றரை லட்சத்தை ஒட்டி நிற்கிறது. நிலையத்திலிருந்து நுசாமாய் பாலம் வரை நீளும் பெரிய சாலையில் இழுத்து மூடிய ஷட்டர்கள் அதிகம். நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் வாஷோ சந்தையில் மட்டும் கூட்டம் குறையவில்லை. ஒரு கிண்ணம் சோறு வாங்கிக்கொண்டு கடை கடையாக நின்று, வேண்டிய பச்சை மீன் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு சாப்பிடலாம். நகருக்கு வடக்கே பரந்திருக்கும் சதுப்பு நிலம் 1980இல் ஜப்பானின் முதல் ராம்சார் தலமானது. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட செந்தலைக் கொக்குகளில் பத்துப் பதினைந்து இந்தச் சதுப்பில் 1920களில் மறுபடி கண்ணில் பட்டன. குளிர்காலத்தில் விவசாயிகள் சோளம் போட்டுக் காப்பாற்றியதில் இன்று அவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

புது வீட்டில் முதல் இரவு கற்றுக்கொள்வது மதபோதனை சம்பந்தப்பட்டதல்ல. வாசலில் காலணி எங்கே வைப்பது, எந்தக் கிழமை எந்தக் குப்பை, மண்ணெண்ணெய் அடுப்பை எப்படி மூட்டுவது. எல்லாவற்றையும்விட முக்கியம், குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாயை வடித்துவைப்பது. வீட்டை விட்டு வெளியூர் போகும்போதும், கடுங்குளிர் இரவிலும், பிரதான அடைப்பைத் திருகி மூடிவிட்டு எல்லாக் குழாய்களையும் திறந்து நீரை வடிக்க வேண்டும். மறந்தால் குழாய் உறைந்து வெடிக்கும். வெப்பநாட்டிலிருந்து வந்த ஜோடிக்கு இதை இரண்டு முறை சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

வேலை மறுநாளே தொடங்கிவிடுகிறது. கதவுகள் திறப்பதில்லை, அழைப்புமணிக் கருவியின் வழியே "வேண்டாம்" என்று மென்மையான குரல் வரும். 1995 மார்ச்சில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கும்பல் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயு வைத்ததிலிருந்து வீடு தேடி வரும் மதங்கள்மேல் ஜப்பானியருக்கு அச்சம் உண்டு. 2022இல் முன்னாள் பிரதமர் ஷின்ஸோ அபே சுடப்பட்டபின் ஒருங்கிணைப்புச் சபை என்ற வேறொரு மத அமைப்பைப் பற்றி வெளிவந்த செய்திகள் அதை இன்னும் கூட்டிவிட்டன. அந்த அமைப்புகளுக்கும் மோர்மன்களுக்கும் தொடர்பில்லை என்று வாசலில் நின்று விளக்குவது நடக்கிற காரியமல்ல. ஆகவே மிஷனரிகள் கதவைத் தட்டுவதைவிட ஆங்கில வகுப்பையும் பனி அள்ளிக் கொடுப்பதையும் நம்புகிறார்கள். முதியவர்கள் நிறைந்த குஷிரோவில் வாசல் பனியை அள்ள இரண்டு இளைஞர்கள் வந்தால் வேண்டாம் என்பவர்கள் குறைவு.

மாற்றல் முறையின் நன்மை வெளிப்படையானது. ஜோடிச் சண்டை முற்றுவதில்லை, ஊர் அலுப்பதில்லை, யாரிடமும் மனம் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ளாமல் வேலை நடக்கிறது. அதன் விலையை மிஷனரி கொடுப்பதில்லை, ஊர்க்காரர்கள் கொடுக்கிறார்கள். சின்னச் சபையில் முப்பது ஆண்டு உறுப்பினராக இருக்கும் ஒருவர் நூற்றுக்கணக்கான இளைஞர்களை வரவேற்றுச் சாப்பாடு போட்டு வழியனுப்பியிருப்பார். ஆங்கில வகுப்புக்கு வரும் பாட்டி ஒரு பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகும்போது அந்தப் பெயர் மாற்றலாகிவிடும். பேச்சு உண்மையாகவே தொடங்கும் கட்டத்தில் மொழி கொஞ்சம் வந்த ஆள் போய், வராத ஆள் வருகிறார்.

இந்தச் சபை ஜப்பானில் செய்த முதல் பெரிய காரியம் தன் வேதநூலான மோர்மன் புத்தகத்தின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு. 1909இல் அதை முடித்த ஆல்மா டெய்லர், 1901இல் கிராண்டோடு கப்பலில் வந்தபோது 19 வயது இளைஞர். 1910இல்தான் ஊர் திரும்பினார். எட்டு ஆண்டுக்கு மேல் அங்கேயே இருந்ததால்தான் அது முடிந்தது. இன்றைய இளைஞர்களிடம் எட்டு ஆண்டு கேட்பது நியாயமில்லை. மக்கள் குறைந்துகொண்டே போகும் குஷிரோ போன்ற ஊர்களிலாவது, பேச்சுப் பழகிய ஒருவரை ஓராண்டு முழுதாக விட்டுவைக்கலாம்.